வெயில் நாளின் ஸ்லைடுகள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. உறையூர் நெசவாளி ஒருவரின் சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து ரிப்போர்ட் போனது.

2. கழுவப் போட வேண்டிய பழைய ஸ்லைடுகளில் ஒன்றை நான் எடுத்துப் பார்த்தேன். கிருமி இருந்தது. அது அந்த நெசவாளியுடைய ஸ்லைடு.

3. அதைப் பார்த்து ‘இல்லை’ என்று எழுதியவர் எங்கள் சீனியர். அவர் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது.

4. எங்களோடு வேலை பார்க்கும் அக்காவிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

5. திங்கட்கிழமை வரை பொறுப்பதாக ஒப்புக்கொண்டேன்.

திங்கட்கிழமை நடந்தது நான் எதிர்பார்த்தது அல்ல. அதைச் சொல்வதற்கு முன், இந்த இருவரைப் பற்றியும் அவர்கள் போட்டு வைத்திருந்த திட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆய்வுக்கூடம் திருச்சியில் ஒரு மருத்துவமனையின் பின்கட்டில் இருக்கிறது. பொறுப்பு டாக்டர் ஒருவர். அவருக்குக் கீழே மூன்று பேர். மைக்ராஸ்கோப் சீனியருடையது. சிறுநீரில் சர்க்கரை, ரத்தத்தில் யூரியா என்று கண்ணாடிக் குழாய்களோடு செய்யும் வேலையெல்லாம் அக்காவுடையது. சென்னையில் பயிற்சி முடித்து வந்த நான் ரத்தம் எடுப்பேன், சாயம் தயாரிப்பேன், ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றி சீனியரின் தட்டில் அடுக்கி வைப்பேன். அக்கா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மைக்ராஸ்கோப் ஆண்களுக்கு, அடுப்பும் குழாயும் பெண்களுக்கு என்று யாரோ பிரித்து விட்டார்கள். பிறகு வந்தவர்கள் யாரும் அதை மாற்றவில்லை. அக்கா மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஐம்பத்தைந்து முடிந்ததும் ஓய்வு. சீனியருக்குப் பங்குனியில், அக்காவுக்கு ஆனியில். மதியச் சாப்பாட்டு வேளையில் அவர்கள் வேறு எதையும் பேசி நான் கேட்டதில்லை. ஸ்ரீரங்கத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையைப் பிடித்து, முன்பணமும் கொடுத்து வைத்திருந்தார்கள். இருவரும் சேர்ந்து அங்கே ஒரு சின்ன ஆய்வுக்கூடம் வைப்பது என்று ஏற்பாடு.

“முதல்ல சென்ட்ரிஃப்யூஜ் வாங்கணும்,” என்பார் சீனியர். ரத்தக் குழாய்களை வேகமாகச் சுழற்றித் தெளிவைப் பிரிக்கும் கருவி அது. “கையால சுத்தறதே போதும். கரண்ட்டு பில்லு மிச்சம்.”

“கையால சுத்தறது யாரு?”

“நீங்கதான். ஆட்டுக்கல்லு சுத்தின கை.”

“அந்தக் கைக்குத் தனிச் சம்பளம் சார். இப்பவே சொல்லிட்டேன்.”

“பாத்தியா பாப்பா, கடை தொறக்கறதுக்குள்ள ஸ்ட்ரைக்கு.”

பாப்பா என்பது நான். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள் என்பதால், ஊர்ச் செய்தி சொல்லும் வேலையும் எனக்கு இருந்தது. எங்கள் தெருக்காரர்கள் சோதனை என்றால் காவிரியைத் தாண்டித்தான் வர வேண்டும். சிறுநீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். ஒருநாள் கண்டக்டர் ஒரு மாமியிடம், “என்ன மாமி, தேனா?” என்று கேட்க, “ஆமாண்டாப்பா, நக்கிப் பாரேன்,” என்றார் அந்த மாமி. இதைச் சொன்னபோது சீனியர் சாப்பாட்டுக் கையோடு சிரித்தார்.

“அதுக்குத்தான் ரூமு. பெருமாளே அங்க எந்நேரமும் படுத்த படுக்கை. அவருக்கே ஒரு சர்க்கரை டெஸ்ட்டு எடுத்துடலாம்.”

“கன்னத்துல போட்டுக்கங்க சார்,” என்றார் அக்கா.

சீனியருக்கு அது வேலையில்லாமல் உட்காராமல் இருக்க ஓர் இடம். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு அப்படியல்ல. அவர் சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர், பிள்ளைகள் கிடையாது, தங்கை வீட்டில் பின்னறையில் இருக்கிறார். வேலைக்குப் போகிறவரை அவர் அந்த வீட்டில் அக்கா. வேலை நின்றுவிட்டால் அடுப்படியில் நிற்கிற ஆள். அவரே என்னிடம் இப்படித்தான் சொன்னார். ஸ்ரீரங்கத்து அறைக்குப் பின்னால் படுக்க ஓர் இடமும் தண்ணீர்க் குழாயும் உண்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் சரி என்றார்.

அந்த அறை முழுக்க சீனியரின் கண்ணை நம்பி இருந்தது. ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவிலும் இரண்டு மூன்று டாக்டர்கள், ‘ஸ்லைடு நீங்கள் பார்ப்பதானால் அனுப்புகிறோம்’ என்று சொல்லியிருந்தார்கள். அக்காவின் சோதனைகளை மட்டும் நம்பி யாரும் வாடகை கொடுக்க முடியாது.

அந்த ஆவணியில் சீனியர் மைக்ராஸ்கோப்பை வடக்கு ஜன்னலிலிருந்து கிழக்கு ஜன்னலுக்கு மாற்றினார். எங்கள் தொழிலில் மைக்ராஸ்கோப் வடக்கு ஜன்னலோரம்தான் இருக்கும். அதன் அடியில் உள்ள கண்ணாடி வெளிச்சத்தை வாங்கி மேலே அனுப்புகிறது. நேர் வெயில் கண்ணைக் கூசும், வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். “காத்து வருது பாப்பா,” என்றார். வெயில் நன்றாக ஏறியதும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அவசரமாகப் பார்த்து முடித்துவிடுவார்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. புதிதாகத் தயாரித்த சிவப்புச் சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். சளி ஸ்லைடில் முதலில் சிவப்பை ஏற்றி, அமிலத்தால் கழுவி, அதன் மேல் நீலம் ஏற்றுவோம். மற்றதெல்லாம் நீலமாகிவிடும், காசநோய்க் கிருமி மட்டும் சிவப்புக் கீற்றாக நிற்கும். ‘இல்லை’ என்று போன ஸ்லைடுகள் ஒரு பெட்டியில் சேரும், மாதக் கடைசியில் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்துத் திரும்பப் பயன்படுத்துவோம். ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, சீனியர் சாப்பிடப் போன நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சாயம் நன்றாகவே பிடித்திருந்தது. நீலத்துக்கு நடுவே சிவப்புக் கீற்றுகள் இரண்டும் மூன்றுமாகக் கிடந்தன. தேட வேண்டியதே இல்லை.

ஸ்லைடில் கீறியிருந்த எண்ணை மறுபடி மறுபடி பார்த்தேன். பிறகு அதை என் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, அன்று எடுக்க வேண்டிய ரத்தத்தை எடுத்து முடித்தேன். சீனியர் திரும்பி வந்து, “என்ன பாப்பா, மைக்ராஸ்கோப்புல முடி ஒட்டியிருக்கு, யாரு பாத்தது?” என்று கேட்டார்.

“சாயம் டெஸ்ட் பண்ணேன் சார்.”

“சொல்லிட்டுப் பண்ணு.”

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அக்காவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. பையைத் தோளில் மாற்றிக்கொண்டார்.

“புரை,” என்றார். “ரெண்டு கண்ணுலயும். சித்திரையிலேயே தனியா ஒரு டாக்டர்கிட்ட காட்டியிருக்காரு. ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க.”

“அப்ப பண்ணிக்க வேண்டியதுதானே?”

“லீவு போடணும். எதுக்கு லீவுன்னு எழுதணும். எழுதினா மெடிக்கல் போர்டு. கண்ணு போச்சுன்னு போர்டு எழுதிட்டா ஸ்ரீரங்கத்துல எந்த டாக்டர் அவருக்கு ஸ்லைடு அனுப்புவான்? ரிட்டயர் ஆனதும் சத்தமில்லாம பண்ணிக்கறேங்கறாரு. அஞ்சு மாசம்டி.”

“இப்ப ஒரு ஆளைக் கிருமி இல்லேன்னு வீட்டுக்கு அனுப்பியிருக்கோம்க்கா.”

“நீ மறுபடி பாத்துட்டுப் போ. அவரு பாத்து வைக்கறதை நீ சாப்பாட்டு நேரத்துல ஒரு தடவை பாத்துடு. தப்பு இருந்தா திருத்திடு. யாருக்கு என்ன நஷ்டம்?”

என் பஸ் வந்துவிட்டது. பாலத்தின் மேல் போகும்போது அந்த யோசனையைப் புரட்டிப் பார்த்தேன். செய்ய முடியாத வேலை இல்லை. மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் உறையூர் போனேன். நெசவாளியின் வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. தெரு முழுக்கத் தறிச் சத்தம், அந்த ஒரு வீட்டில் மட்டும் தறி நின்றிருந்தது. அவர் மனைவி கதவருகே வந்தார். இன்னொரு தடவை சளி வேண்டும், முதல் சோதனை சரியாக வரவில்லை என்றேன்.

“ஒண்ணுமில்லேன்னுதானே சீட்டு குடுத்தீங்க? அதை நம்பித்தான் எங்கம்மா வீட்டுல இருந்த பிள்ளையைக் கூட்டியாந்தேன். ஒரு வாரமா அப்பாகூடத்தான் படுக்கறா.”

உள்ளே பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

“இன்னிக்கு ராத்திரியிலேருந்து தனியாப் படுக்க வைங்க,” என்றேன்.

“அப்ப இருக்கா?”

“டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். அவரை இப்பவே அழைச்சிட்டு வாங்க.”

அவர்கள் பத்து மணிக்கு வந்தார்கள். நானே ஸ்லைடு போட்டு, டாக்டர் அறையில் இருந்த இன்னொரு மைக்ராஸ்கோப்பில் அவரிடமே காட்டினேன். கிருமி இருக்கிறது என்று எழுதினார். அன்றே ஊசிக்கு அனுப்பினார். முதல் ரிப்போர்ட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிருமி ஒரு நாள் சளியில் வரும், மறுநாள் வராது. அது வழக்கம்தான்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்திலும் மறுநாள் காலை சீனியர் வருவதற்கு முன்பும் பெட்டியில் இருந்த மற்ற ஸ்லைடுகளையும், ‘இருக்கிறது’ என்று தனியே எடுத்து வைத்தவற்றையும் பார்த்தேன். தவறவிட்டவை இன்னும் சில இருந்தன. மாத நடுவில் ஒரு வாரம் மழை மூட்டமாக இருந்தது. அந்த வாரத்து ஸ்லைடுகளில் ஒன்றுகூடத் தவறவில்லை. அது மட்டுமல்ல, கிருமி மிகக் குறைவாக இருந்து நானே சிரமப்பட்டுத் தேட வேண்டிய ஒன்றை அவர் கண்டுபிடித்து எழுதியிருந்தார். தவறியவை எல்லாமே வெயில் நன்றாக அடித்த நாட்களில் பார்த்தவை.

இதை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதினேன். வெயில், மூட்டம். சனிக்கிழமை மதியம் டாக்டர் கிளம்பியதும் அந்தத் தாளையும் நெசவாளியின் ஸ்லைடையும் சீனியர் முன் வைத்தேன். அக்கா பர்னரை அணைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

சீனியர் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தைக் கூட்டினார்.

“எங்க இருக்கு?”

நான் எழுந்து மைக்ராஸ்கோப்பைத் தூக்கி வடக்கு ஜன்னலில் வைத்தேன். அறையின் அந்தப் பக்கம் மங்கலாக இருந்தது. வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துக் கொடுத்தேன். அவர் குனிந்தார். இந்த முறை சீக்கிரமே தலையைத் தூக்கினார்.

“இருக்கு,” என்றார்.

ஸ்லைடைக் கழற்றித் தட்டில் வைத்தார்.

“கண்ணு மங்குதுன்னுதான் வெளிச்சத்துக்குப் போனேன். பார்வை குறைஞ்சா வெளிச்சத்தைக் கூட்டுன்னுதானே எல்லாருக்கும் சொல்றோம்.” பிறகு என் தாளைப் பார்த்தார். “இது என்ன, என் மேல சார்ஜ் ஷீட்டா?”

“இல்ல சார்.”

“வந்து முழுசா ரெண்டு வருஷம் ஆகலை. ஆடிட் பண்றா.” அக்காவைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்து அல்ல. “சரி, விஷயம் புரிஞ்சு போச்சு. வடக்கு ஜன்னல்லயே உக்காந்துக்கறேன். திரையும் போட்டுக்கறேன். முடிஞ்சுதா?”

“டாக்டர்கிட்ட சொல்லணும் சார். நீங்களே சொல்லிடுங்க.”

“சொன்னா அந்த ரூமு இல்ல. தெரியுமில்ல உனக்கு?”

“தெரியும்.”

“உனக்கு இன்னும் முப்பது வருஷம் சர்வீஸ் இருக்குடி,” என்றார் அக்கா. “எங்களுக்கு என்ன இருக்கு? நான்தான் சொன்னேனே, நீ ஒரு தடவை பாத்துடுன்னு. அஞ்சு மாசம் பாக்க மாட்டியா?”

“அஞ்சு மாசம் பாக்கறேன்க்கா. அப்புறம் ஸ்ரீரங்கத்து ரூம்ல யாரு பாக்கறது? அங்க நீங்களும் சாரும் மட்டும்தானே? நீங்க மைக்ராஸ்கோப் பாக்க மாட்டீங்க.” உறையூரில் பார்த்ததையும் சொன்னேன். குழந்தைக்கு என்ன வயது, எங்கே படுத்திருந்தது, எத்தனை நாளாக என்று.

அக்கா துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்த மேஜையைத் துடைத்தார்.

“திங்கக்கிழமை வரைக்கும் டயம் குடு,” என்றார் சீனியர். “வீட்டுல பேசணும்.”

ஒப்புக்கொண்டேன். அன்றைய தட்டில் இருந்ததை எல்லாம் நானே திரும்பப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை மழை விட்டு வெயில் பளீரென்று அடித்தது. நான் போனபோது சீனியர் முன்பே வந்திருந்தார். மைக்ராஸ்கோப் கிழக்கு ஜன்னலில் இருந்தது. தட்டை முன்னால் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். வடக்கு ஜன்னல் என்று அவர் வாயாலேயே சொன்னதை ஏன் செய்யவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது. என்னிடம் தோற்க மனமில்லையோ என்னவோ.

“சார், டாக்டர்கிட்ட பேசினீங்களா?”

“வேலை நடக்குது பாப்பா.”

கை கழுவிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாக மனதுக்குள் அடுக்கியிருந்தேன். கதவருகே போனபோது அக்கா உள்ளிருந்து வெளியே வந்தார்.

“போகாத. சொல்லியாச்சு.”

“என்ன சொன்னீங்க?”

“கண்ணு விஷயம். சித்திரையிலேருந்து எனக்குத் தெரியும், நான்தான் மறைச்சேன்னும் சொன்னேன்.”

“அதை ஏன்க்கா சொன்னீங்க?”

“நீ போய்ச் சொன்னா குத்தம் முழுக்க அவரு தலையில விழும். இப்ப பாதி எங்கிட்ட இருக்கு.” என் முகத்தைப் பார்த்தார். “உனக்காகப் பண்ணேன்னு நினைச்சுக்காத. அந்த ரூம்ல இது நடந்திருந்தா ரிப்போர்ட்டுல என் கையெழுத்தும் இருந்திருக்கும். வழி விடு.”

உள்ளே டாக்டர் மணி அடித்து சீனியரைக் கூப்பிட்டார். சீனியர் எழுந்தார். ஸ்லைடைக் கழற்றி, லென்ஸில் இருந்த எண்ணெயைத் துடைத்து, உறையைப் போட்டு மூடினார். எங்கள் இருவரையும் தாண்டித்தான் போக வேண்டும். அக்காவிடம் மட்டும், “நீங்களுமா?” என்றார். அக்கா தலை குனியவில்லை.

“நானேதான் சார்.”

கதவு சாத்திக்கொண்டது. நான் மைக்ராஸ்கோப்பை வடக்கு ஜன்னலுக்கு எடுத்துப்போய், அவருடைய தட்டில் இருந்ததை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. சீனியரைக் கண் பிரிவுக்கு அனுப்பினார்கள். புரை கண்ணின் நடுவில் இருக்கிறது என்றார் கண் டாக்டர். வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கிப் புரை வழியாகவே பார்க்க வேண்டியிருக்கும், மங்கலில் கண்மணி விரிந்து ஓரத்தின் வழியாகக் கொஞ்சம் தெரியும். சாதாரண ஆள் கூச்சம் தாங்காமல் நிழலுக்குப் போயிருப்பார், மைக்ராஸ்கோப்காரர்தான் பிடிவாதமாக வெயிலுக்குப் போவார் என்று அவர் சொன்னதாகக் கேள்வி. மெடிக்கல் போர்டு, மைக்ராஸ்கோப் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதியது. ஓய்வு நாள் வரை லீவு கொடுத்தார்கள். அக்காவிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவர் ஒரே பக்கத்தில் பதில் எழுதினார், எனக்குக் காட்டவில்லை. பெட்டியில் நான் கண்டெடுத்த மற்ற நோயாளிகளை டாக்டர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஒருவர் தவிர மற்ற எல்லோரும் வந்தார்கள். அந்த ஒருவர் வேலை தேடி வேறு ஊர் போய்விட்டார் என்று வீட்டில் சொன்னார்கள்.

ஸ்ரீரங்கத்துக்கும் செய்தி போய்விட்டது. வாக்குக் கொடுத்த டாக்டர்களில் ஒருவர் நேராகவே மறுத்துவிட்டார். மற்றவர்கள் பார்க்கலாம் என்கிறார்கள்.

தை மாதத்தில் சீனியருக்கு வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. நான் பார்க்கப் போனேன். கட்டோடு படுத்திருந்தார். யார் என்று கேட்டார், சொன்னேன்.

“ஆடிட் வந்திருக்கு,” என்றார் மனைவியிடம். “காபி குடு.”

காபி குடித்தேன். கிளம்பும்போது, “மைக்ராஸ்கோப் பாக்க மூக்குக்கண்ணாடி வேண்டியதில்ல பாப்பா. திருகைத் திருப்பினாப் போதும், தன்னால சரியாயிடும்,” என்றார். அது உண்மைதான். ஆபரேஷன் ஆன கண்ணுக்குத் தடித்த கண்ணாடி இல்லாமல் தெருவில் நடக்க முடியாது, ஆனால் மைக்ராஸ்கோப்பைத் தன் கண்ணுக்கு ஏற்றபடி திருப்பிக்கொள்ளலாம். போதுமான அளவுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

அவர் பங்குனியில் ஓய்வு பெற்றார். வைகாசியில் எங்கள் டாக்டர் அவரை வரச்சொல்லி, விடை தெரிந்த ஸ்லைடுகளைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கிருமி நிறைய உள்ளதை எல்லாம் சரியாகச் சொன்னார். மிகக் குறைவாக உள்ளவற்றில் ஒன்றைத் தவறவிட்டார். இன்னும் கண் ஆறட்டும், மறுபடி பார்ப்போம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

இதை எழுதுவது ஆனி முதல் வாரத்தில். இப்போதைய நிலை இது. உறையூர் நெசவாளி ஊசி போட்டுக்கொள்கிறார், எடை கூடியிருக்கிறது, தறியில் இன்னும் உட்காரவில்லை. குழந்தையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்டுகிறார்கள், இதுவரை ஒன்றுமில்லை. அக்காவுக்கு இந்த மாதக் கடைசியில் ஓய்வு. மெமோவுக்கு முடிவு வராததால் அவருடைய பென்ஷன் தாள்கள் நிற்கின்றன. வேலை விஷயம் தவிர என்னோடு பேசுவதில்லை. டாக்டரிடம் தானே கேட்டு, மாசியிலிருந்து மதிய நேரத்தில் மைக்ராஸ்கோப் பழகுகிறார். சாயம் ஏற்றிய ஸ்லைடில் கிருமியை இப்போது அவரால் கண்டுபிடிக்க முடிகிறது, ஆனால் மெதுவாக. ஸ்ரீரங்கத்து அறையை அவர்கள் விடவில்லை. ஆவணியில் திறப்பதாகச் சொல்கிறார்கள். முதலில் சிறுநீரும் ரத்தமும் மட்டும். சளி ஸ்லைடு பார்ப்பது சீனியரா, அக்காவா, அல்லது யாருமே இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை.